உறைய வைத்து உலர்த்துதல் – வீட்டு ஃப்ரீசரில்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், பின்புறத் தோட்டத்துத் தக்காளிச் செடியிலிருந்து ஒரு புழுவை இலையோடு ஏந்திக்கொண்டு என் மகள் உள்ளே வந்தாள். நாங்கள் இருப்பது மிச்சிகனில். இங்கே தக்காளி வளர்க்கும் எல்லோருக்கும் இந்தப் புழுவைத் தெரியும். நடுவிரல் நீளம், இலையின் அதே பச்சை, விலாவில் வெள்ளைக் கோடுகள், வால்பக்கம் ஒரு சின்னக் கொம்பு. கொம்புப்புழு என்றே பெயர். இரண்டு மூன்று நாளில் ஒரு செடியை மொட்டையடித்துவிடும். எனக்கு அது எதிரி. எட்டு வயதான அவளுக்கு அது பள்ளிக்குக் கொண்டுபோகவேண்டிய பூச்சித் தொகுப்பின் நாயகன்.

வண்ணத்துப்பூச்சியையும் வண்டையும் ஊசியில் குத்திக் காயவைத்தால் போதும், உருவம் மாறாது. மென்மையான உடம்புள்ள புழு அப்படியல்ல. வெயிலில் வைத்தால் காய்ந்த மிளகாய்போலச் சுருங்கிக் கறுத்துப்போகும். சாராயத்தில் போட்டால் உருவம் நிற்கும், நிறம் போய்விடும். "அப்படீன்னா மியூசியத்துல மட்டும் எப்படிப்பா அப்படியே இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் விடைதான் இக்கட்டுரை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். உயிரியல் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. பொறியியலில் படித்த வெப்ப இயக்கவியல் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. இந்த விஷயத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

முதலில், ஏன் சுருங்குகிறது? நீர் வெளியேறுவதால் மட்டும் அல்ல, நீர் திரவமாக வெளியேறுவதால். நனைந்த தலைமுடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. காயும் திசுவுக்குள்ளும் இதுவே நடக்கிறது. நீர்மட்டம் உள்வாங்க உள்வாங்க, செல்களின் சுவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டே போகிறது. நீரைத் திரவமாகவே இருக்கவிடாமல், பனிக்கட்டியிலிருந்து நேராக ஆவியாக்கிவிட்டால் இந்த இழுப்பு இல்லை. பனி இருந்த இடம் வெற்றிடமாகும், சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

திடப்பொருள் திரவமாகாமல் ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்று பள்ளியில் படித்தோம். கற்பூரத்தையும் அந்துருண்டையையும் உதாரணம் சொன்னார்கள். பனிக்கட்டியையும் சொல்லியிருக்கலாம், ஆனால் பனியே விழாத ஊரில் யார் நம்புவார்கள்? இங்கே குளிர்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகைபோல விறைத்து, விறைத்தபடியே காய்ந்துவிடும். ஃப்ரீசரில் மாதக்கணக்கில் மறந்துபோன பட்டாணி சுருங்கி வெளுத்துக் கிடப்பதும், பனிக்கட்டித் தட்டில் கட்டிகள் தாமாகவே சிறுத்துப்போவதும் இதனால்தான். வீட்டு ஃப்ரீசர் இந்த வேலையை நம் அனுமதியில்லாமல் எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறது.

இதை ஆய்வு முறையாக்கியவர்களில் முன்னோடி ரிச்சர்ட் ஆல்ட்மன் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுத்துண்டுகளை உறையவைத்து, சுமார் -20 டிகிரி செல்சியஸில் வெற்றிடத்தில் உலர்த்தி, 1890இல் அதைப் பற்றி எழுதினார். 1909இல் அமெரிக்காவில் ஷாக்கல் என்பவர், உப்பும் பனிக்கட்டியும் கலந்து மாதிரியை உறையவைத்து, கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து காற்றை இறைத்துவிட்டு, உள்ளே வைத்த கந்தக அமிலம் நீராவியை உறிஞ்சிக்கொள்ளும்படி செய்தார். இன்றைய குளிர்சாதனம் எதுவும் அவரிடம் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 1935இல் பென்சில்வேனியாவில் ஃப்ளோஸ்டார்ஃபும் மட்டும் இரத்த நிணநீரை இப்படி உலர்த்தும் முறையைப் பெரிய அளவில் செய்யத்தக்கதாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் களத்துக்கு அனுப்பப்பட்ட உலர் பிளாஸ்மா அதன் வழிவந்தது.

நம் ஊருக்கும் இதில் ஒரு கடன் உண்டு. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899இல் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் தயாரிப்பதற்காகத்தான். கிளிசரின் கலந்த அந்தத் திரவ அம்மைப்பால் வெயிலில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். நம் கிராமங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வேலை கெட்டுவிடும். லண்டன் லிஸ்டர் நிலையத்தின் லெஸ்லி காலியர் 1950களில், உறையவைத்து உலர்த்திய அம்மைப்பால் 37 டிகிரி வெப்பத்திலும் மாதக்கணக்கில் தாங்கும்படி ஒரு தயாரிப்பு முறையை உருவாக்கினார். பெரியம்மை இந்தியாவில் 1975 மே மாதத்தோடு நின்றதற்கும், 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கும் இந்த உலர்ந்த பொடி ஒரு முக்கியக் காரணம்.

(இந்தக் கலையின் முன்னோடியாக ஆண்டீஸ் மலைவாசிகளின் சூன்யோ என்ற உலர் உருளைக்கிழங்கை எல்லோரும் குறிப்பிடுவார்கள். இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். அருமையான முறைதான். ஆனால் பெரும்பகுதி நீர் மிதிபட்டு வெளியேறுகிறது, பதங்கமாகி அல்ல. இதை முன்னோடி என்பதைவிட ஒன்றுவிட்ட சகோதரன் என்பதே பொருத்தம்.)

சரி, நம் வீட்டுக்கு வருவோம். ஆய்வகத்து உலர்த்தும் இயந்திரம் பல ஆயிரம் டாலர். பழங்களை உலர்த்துவதற்கென்று வீட்டு உபயோகத்துக்கு வரும் இயந்திரங்களும் 2,000 டாலருக்கு மேல். இரண்டிலும் விலை உயர்ந்தவை மூன்று பாகங்கள்: காற்றை இறைக்கும் பம்பு, நீராவியைப் பிடித்துப் பனியாக்கும் குளிர்ப்பொறி, வெற்றிடத்தைத் தாங்கும் அறை. இவற்றில் எதைக் கைவிடலாம்?

இங்கேதான் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள், நானும் வந்தேன். நீரின் மும்மைப் புள்ளி 0.01 டிகிரியிலும் 611 பாஸ்கல் அழுத்தத்திலும் இருக்கிறது. அந்த வரைபடத்தைப் பார்த்தால், அழுத்தம் 611 பாஸ்கலுக்குக் கீழே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 165இல் ஒரு பங்குக்குக் கீழே போனால்தான் பனி பதங்கமாகும் என்று தோன்றும். அப்படியானால் பம்பு இல்லாமல் கதி இல்லை. ஆனால் கொடியில் துணி காய்கிறதே, அது எந்தப் பம்பினால்? அந்த வரைபடம் நீர் மட்டுமே உள்ள பாத்திரத்துக்கு உரியது. காற்றும் கலந்திருக்கும் இடத்தில், கணக்கில் வருவது மொத்த அழுத்தம் அல்ல, அதில் நீராவியின் பங்கு மட்டுமே. பனியின் மேற்பரப்பில் உள்ள ஆவியழுத்தத்தைவிடச் சுற்றியுள்ள காற்றில் நீராவியின் பங்கு குறைவாக இருந்தால் பனி பதங்கமாகும், காற்று எவ்வளவு இருந்தாலும் சரி.

இதை ஆய்வகத்தில் செய்துகாட்டியவர் ஹெரால்ட் மெரிமன். வெற்றிடம் இல்லாமல் பதங்கமாக்கி உலர்த்துவது பற்றி 1959இல் 'சயன்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை இரண்டே பக்கம். அடுத்த ஆண்டு அருங்காட்சியக மாதிரிகளை உறையவைத்து உலர்த்துவது பற்றியும் எழுதினார். பிறகு ஸ்மித்சோனியனின் ரோலண்ட் ஹோவர் 1979இல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். என் மகள் கேட்ட கேள்விக்கு நேரான விடை இவர்களிடம்தான் இருக்கிறது.

அப்படியானால் வெற்றிடம் எதற்கு? வேகத்துக்கு. பனியிலிருந்து கிளம்பும் நீராவி மூலக்கூறு, திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவனைப்போலக் காற்று மூலக்கூறுகளோடு முட்டி மோதித்தான் வெளியே வரவேண்டும். பம்பு அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறது. ஆய்வகத்துக்கு ஒரு நாளில் வேலை முடியவேண்டும். அதற்குத்தான் அத்தனை டாலர். நமக்கு ஒன்றிரண்டு மாதம் ஆனால் என்ன?

சில எண்களைப் பார்க்கலாம். பனியின் ஆவியழுத்தம் 0 டிகிரியில் 611 பாஸ்கல், -10இல் 260, வீட்டு ஃப்ரீசரின் -18இல் சுமார் 125, -30இல் 38, -50இல் 4. குளிர் கூடக்கூட ஆவியை வெளியே தள்ளும் விசை எவ்வளவு வேகமாகக் குறைகிறது பாருங்கள். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் நீராவியைத் தாங்கும். -18இல் ஒரே ஒரு கிராம். ஆகவே ஃப்ரீசருக்குள் காற்றை நம்பிப் பயனில்லை. வரும் நீராவியை உடனுக்குடன் விழுங்க ஒன்று பக்கத்திலேயே வேண்டும். ஷாக்கலுக்கு அது கந்தக அமிலம். நமக்கு சிலிக்கா ஜெல், புதுக் காலணிப் பெட்டியில் 'சாப்பிடாதே' என்று எழுதிய பொட்டலத்தில் வரும் அதே குருணை.

கையால் ஒரு கணக்குப் போட்டேன். -18 டிகிரியில் அசையாத காற்றில், பனிக்கும் ஈர உறிஞ்சிக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், 100 சதுர சென்டிமீட்டர் பனிப்பரப்பு ஒரு நாளில் இழப்பது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. இடைவெளியை 1 சென்டிமீட்டராக்கினால் ஒன்றரை கிராமுக்கு மேல். எந்தச் செலவும் இல்லாமல் ஐந்து மடங்கு. சின்ன விசிறி வைத்துக் காற்றைச் சுழலவிட்டால் இன்னும் கூடும். இது வெறும் பனிக்கான கணக்கு. தோல் மூடிய புழுவோ மெழுகு பூசிய இலையோ இதைவிடப் பல மடங்கு மெதுவாகத்தான் விடும்.

நான் செய்த பெட்டி இதுதான். நான்கு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும் மூடியுள்ள, ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, நான்கு லிட்டர் கொள்ளளவு. அடியில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல். ஈரம் ஏறினால் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்கவேண்டும். நீல நிறத்தில் வருவது கோபால்ட் உப்பு கலந்தது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் வலை, வலைமேல் மாதிரி. பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்ன விசிறி ஒரு மூலையில். விசிறிக்குப் போகும் கம்பி உருண்டையாக இருந்தால் மூடி இறுகாது. தட்டையான நாடாக் கம்பியாக இருந்தால் ரப்பரின் கீழ் படிந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. மிகச் சிறிய மாதிரி என்றால் விசிறியே வேண்டாம்.

எவ்வளவு ஜெல்? வெளியேறவேண்டிய நீரின் எடையைப்போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் அது நீரை ஏற்கும்தான், ஆனால் ஏறிய ஈரம் கூடக்கூட அதன் பசி மந்தமாகிவிடும். நிறம் மாறியதும் எடுத்து, 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் புதிது. நடைபாதைப் பனியைக் கரைக்கக் கடைகளில் மூட்டையாக விற்கும் கால்சியம் குளோரைடும் பயன்படும், விலையும் மலிவு. ஆனால் அது ஈரம் குடித்துக் குடித்துக் குழம்பாகிவிடும், வழிந்தால் உலோகத்தை அரிக்கும். மூட்டையில் இருப்பது வெறும் உப்பா என்றும் பார்த்து வாங்கவேண்டும்.

எந்த ஃப்ரீசர்? பனி படியாத வகை என்று இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது, தானாகவே ஓர் உலர்த்தி. அதன் குளிர்ச்சுருள் உள்ளிருக்கும் பண்டங்களைவிடக் குளிர்ந்தது. விசிறி காற்றை அதன்மேல் சுற்றவிட, நீராவி சுருளில் பனியாகப் படிகிறது. அவ்வப்போது ஒரு சூடேற்றி அந்தப் பனியை உருக்கி வெளியே வடித்துவிடுகிறது. அதாவது, ஆய்வகத்தில் தனியாக விலை வைக்கும் குளிர்ப்பொறி இதில் இலவசம். மாதிரியைத் திறந்த தட்டில் காற்று படும்படி வைத்தாலே போதும், மெதுவாகக் காயும். ஆனால் அந்தச் சூடேற்றி வேலை செய்யும்போதெல்லாம் வெப்பநிலை கொஞ்சம் ஏறி இறங்கும், நுண்ணிய மாதிரிக்கு அது நல்லதல்ல. மேலிருந்து திறக்கும் பெட்டி வகை ஃப்ரீசரில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. அதற்குள் சிலிக்கா ஜெல் டப்பா வைப்பதே சிறந்த சேர்க்கை. தவிரவும், துருவிய தேங்காய்க்கும் முருங்கைக்காய்த் துண்டுக்கும் பக்கத்தில் புழுவை வைப்பது பற்றி என் மனைவி சொன்ன கருத்துகளை இங்கே எழுத முடியாது. பழைய ஃப்ரீசர் ஒன்றை 40 டாலருக்கு வாங்கி நிலவறையில் போட்டேன்.

உறையவைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து செல்களைக் கிழிக்கும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சிறியவை, திசு பிழைக்கும். பல மளிகைக் கடைகளில் கிடைக்கும் உலர்பனியின் வெப்பநிலை -78.5 டிகிரி. இரண்டு உலர்பனிக் கட்டிகளுக்கு நடுவே மாதிரியை வைத்தால் சில நிமிடங்களில் கல்லாகிவிடும். கையுறை கட்டாயம், அறையில் காற்றோட்டம் கட்டாயம், உலர்பனியை எக்காரணத்தாலும் மூடி இறுக்கிய பாத்திரத்தில் வைக்கக்கூடாது, வெடிக்கும். வேகமாக உறையவைப்பதற்கும் ஒரு விலை உண்டு: படிகம் சிறிதானால் அது விட்டுச்செல்லும் துவாரமும் சிறிது, ஆவி வெளியேற நாளாகும். காளான் விஷயத்தில் நான் உலர்பனியைத் தேடிப் போவதில்லை, புழுவுக்குப் போனேன்.

முதல் புழு என்ன ஆயிற்று? வாரம் ஒரு முறை எடை பார்ப்பது என்று ஏற்பாடு. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சட்டைப்பைத் தராசு ஒன்று இருபது டாலருக்குள் கிடைக்கிறது. மகள் ஒரு நோட்டில் தேதியும் எடையும் எழுதிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது வாரம் புயலில் எங்கள் தெருவுக்கு ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது புழு உருகித் தளர்ந்து, கரியைப்போல் கறுத்திருந்தது. உறையவைப்பது திசுவின் நொதிகளை அழிப்பதில்லை, தூங்கவைக்கிறது. பாதி காய்ந்த மாதிரி உருகினால் அவை விழித்துக்கொண்டு விட்ட இடத்தில் தொடங்கிவிடும்; பூச்சிகளின் இரத்தத்தில் கறுப்பு நிறமியை உண்டாக்கும் நொதி இதில் முதலில் நிற்கும். மறுபடி உறையவைத்துப் பயனில்லை. நோட்டில் ஆறாவது வரியில் எடைக்குப் பதில் ஒரு குறுக்குக்கோடு போட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்த ஃப்ரீசருக்குள் இடமிருந்த மூலையெல்லாம் உப்புநீர் நிரப்பிய பாட்டில்களை உறையவைத்து அடுக்கினேன். லிட்டருக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. வெறும் நீர் 0 டிகிரியில்தான் உருகத் தொடங்கும், அதற்குள் புழு கெட்டுவிடும்; உப்புநீர் அதற்கு முன்பே உருகத் தொடங்கிக் குளிரைப் பிடித்துவைக்கும்.

எல்லாவற்றையும் -18இல் உலர்த்திவிட முடியாது. மாம்பழத்தில் முயன்றேன், இரண்டு மாதம் கழித்தும் மிட்டாய்போல வலையில் ஒட்டிக்கொண்டது. காரணம் சர்க்கரை. பழம் உறையும்போது நீர் பனியாகப் பிரிய, மிச்சமுள்ள சாறு கெட்டியான பாகாகிக்கொண்டே போகும். அந்தப் பாகு கண்ணாடிபோல இறுகினால்தான் உருவம் நிற்கும். வெள்ளைச் சர்க்கரைப் பாகுக்கு அது சுமார் -32 டிகிரி, குளுக்கோஸ், பிரக்டோஸுக்கு -42க்கும் கீழே. வீட்டு ஃப்ரீசரில் அது இறுகவே இறுகாது. பனி போன இடத்தில் பாகு சரிந்து விழும். இலை, காளான், பூச்சி, சிலந்தி, சிறு பூக்கள் போன்ற இனிப்பில்லாத பொருள்களே நம் எல்லை. கறிவேப்பிலை நன்றாக வந்தது, வெயிலில் காய்ந்ததைவிடப் பச்சையாகவும் மணமாகவும்.

பம்பு வைத்துத்தான் தீருவேன் என்பவர்களுக்குச் சுருக்கமாக: சமையலறையில் பொட்டலம் கட்டும் வெற்றிடக் கருவி உதவாது. காற்றைப் பத்தில் ஒரு பங்காக்கினாலும் 10,000 பாஸ்கல் இருக்கும். குளிர்சாதனம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் இரட்டை நிலைப் பம்பு சில பாஸ்கல் வரை இறங்கும், 100 டாலரிலிருந்து கிடைக்கிறது. ஆனால் நேராக மாட்டக்கூடாது. -20 டிகிரியில் ஒரு கிராம் பனி, அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் 1,100 லிட்டர் ஆவியாகும். அது முழுவதும் பம்பின் எண்ணெயில் போய்க் கலந்து பம்பைக் கெடுக்கும். நடுவே உலர்பனியில் அமிழ்த்திய குளிர்ப்பொறி வேண்டும். 100 கிராம் நீரைப் பிடிக்கக் கணக்குப்படி அரைக் கிலோ உலர்பனி, நடைமுறையில் அதைப்போலப் பல மடங்கு. மாதிரிக்குச் சூடும் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் பதங்கமாகும்போதே தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊறுகாய் ஜாடியை வெற்றிட அறையாக்க நினைக்காதீர்கள். உள்நோக்கி வெடித்தால் கண்ணாடிச் சில்லுகள் அறை முழுதும் பறக்கும். வெற்றிடத்துக்கென்றே செய்த அறை வாங்குங்கள். இவ்வளவும் வாங்கிய பிறகு இது மலிவா என்று இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள்.

அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, உறையவைப்பது தேவைதானா என்பது. மரபணுவைப் படிப்பதற்காக இலை சேகரிக்கும் தாவரவியலாளர்கள் காட்டிலேயே இலையைக் கிழித்துச் சிலிக்கா ஜெல் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். சேஸும் ஹில்ஸும் 1991இல் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உருவம் நசுங்கினால் என்ன, மரபணு பத்திரம். நம் சித்த மருந்துக்காரர்கள் மூலிகையை நிழலில் உலர்த்துவதும் சூட்டைத் தவிர்ப்பதற்குத்தான். உறையவைப்பது உருவமும் நிறமும் வேண்டுபவர்களுக்கு. இன்னொன்று: நோய்க்கிருமிகள், இரத்தம், நோயில் செத்த பறவை, விலங்கு இவற்றை வீட்டில் தொடவே வேண்டாம். உலர்த்துதல் கிருமியைக் கொல்லும் முறையல்ல, காப்பாற்றும் முறை என்பதை அம்மைப்பால் கதையிலேயே பார்த்தோம்.

இலக்கிய இதழ் என்பதால் புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காகிதமும் தாவரத் திசுதானே. 1978 நவம்பரில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மேயர் நூலகத்தில் குழாய் உடைந்து சுமார் 50,000 நூல்கள் நனைந்தன. அவற்றை உறையவைத்து, பிறகு லாக்ஹீட் நிறுவனத்தின் வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். வீட்டு நிலவறையில் தண்ணீர் புகுந்து நனைந்த புத்தகத்துக்கும் இதே வழிதான். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் வந்துவிடும், அதற்குமுன் மெழுகுத்தாளில் சுற்றி, நேராக நிமிர்த்தி, பனி படியாத ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்தபின் அவசரமே இல்லை. சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் தானாகவே காயும். பளபளப்புத் தாளில் அச்சிட்டவை மட்டும் சில மணி நேரத்திலேயே பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிடும், அவற்றை முதலில் எடுங்கள். அடுக்கடுக்காக ஈரம் குடித்த பழைய தமிழ்ப் பதிப்பு ஒன்றை வெயிலில் விரித்து, அது முறுக்குபோல வளைந்து வந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில் இரண்டாவது கொம்புப்புழு. உலர்பனியில் உறையவைத்து, தோலில் மெல்லிய ஊசியால் அடிப்பக்கம் ஏழெட்டு இடத்தில் குத்தினோம், ஆவிக்கு வழி வேண்டுமே. முதல் எடை 4.12 கிராம். நோட்டின்படி முதல் மாதம் வேகமாக இறங்கி, பிறகு தயங்கித் தயங்கி, பதினோராவது வாரம் 0.61இல் நின்றது. பன்னிரண்டிலும் அதே 0.61.

நின்றதும் அவசரப்பட்டு டப்பாவைத் திறக்கக்கூடாது. குளிர்ந்த மாதிரிமேல் அறைக்காற்று பட்ட கணத்தில் பனித்துளி படிந்து, மூன்று மாத வேலை கெட்டுவிடும். மூடியபடியே வெளியே எடுத்து, ஒரு நாள் அறை வெப்பநிலைக்கு வரும்வரை விடவேண்டும். திசுவோடு இறுகப் பிணைந்திருக்கும் கடைசி ஈரமும் அந்த நேரத்தில் ஜெல்லுக்குப் போய்விடும். புழுவின் பச்சை கொஞ்சம் வெளிறியிருந்தது, கோடுகளும் கொம்பும் அப்படியே. தொட்டால் அப்பளம்போல உடையும் என்பதால் தொடாமல் பஞ்சின்மேல் வைத்து, ஒரு சிட்டிகை ஜெல்லோடு கண்ணாடிக் குப்பியில் மூடிவிட்டாள். அருங்காட்சியகங்களை வாட்டும் ஒரு சின்ன வண்டின் புழு, இப்படி உலர்ந்த பூச்சிகளைத் தேடிவந்து உள்ளே புகுந்து பொடியாக்கிவிடும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை குப்பியை மூடியபடியே இரண்டு மூன்று வாரம் ஃப்ரீசருக்குள் வைத்து எடுக்கவேண்டும். அடுத்த தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறாள்.